மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவருக்குத் துணை நிற்பது எப்படி?

உறவுகள் நலிந்து தனிமையில் வாழ்வோருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 29 சதவீதமும், பக்கவாதம் வரும் வாய்ப்பு 32 சதவீதமும் கூடுதலாக இருப்பதாக, 2016இல் ‘ஹார்ட்’ மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. ஆகவே ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவருக்கு மாத்திரையோடு மனிதத் துணையும் தேவைப்படுகிறது. ஆனால் அந்தத் துணை அதிகாரமாக மாறிவிடக் கூடாது.

அவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகச் சமைத்துவிட்டு, மற்றவர்கள் அவர் எதிரிலேயே அப்பளமும் ஊறுகாயும் உண்பதைவிட, வீடு முழுவதற்கும் ஒரே குழம்பை உப்புக் குறைத்து வைப்பதே நல்லது. “நடந்தீர்களா?” என்று மாலையில் விசாரிப்பதற்குப் பதிலாக, செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் நீங்களும் கிளம்புங்கள்; மருத்துவர் அனுமதித்த தூரத்தை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் கடந்தால் போதும். நலம் விசாரிக்க வருவோர், இதே நோயில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்லத் தொடங்கினால் (தொடங்குவார்கள்), பேச்சை மாற்றும் பொறுப்பு வீட்டாருடையது.

மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவதுண்டு. உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, மாத்திரையைத் தவிர்த்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், “தைரியமாக இருங்கள்” என்று சொல்லி நிறுத்திவிடாமல், உடன் சென்று மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.