எம்ஜிபி முன் ஷாக் அப்சார்பர்: மரை போன துளையைச் சரிசெய்யும் முறை

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், முன்பக்க ஷாக் அப்சார்பரின் கைகளே மேல் விஷ்போனும் (சக்கரத்தை மேலே பிடிக்கும் கை) ஆகும். அதைக் கிராஸ்மெம்பரோடு (காரின் முன்னால் குறுக்கே போகும் இரும்புச் சட்டம்) பிடித்திருப்பவை பக்கத்துக்கு 4 போல்ட்கள். ஒன்று தளர்ந்தாலும் சக்கரத்தின் சாய்வே மாறும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீசும் உப்புக்காற்றில், கிராஸ்மெம்பரில் துருப்பிடித்த போல்ட் துளையில் மரை சீக்கிரம் போய்விடும். அங்கே ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மலைச்சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்னால் 'டொக்' என்று கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒருவர் மட்கார்டை அழுத்தி விடட்டும். நீங்கள் ஷாக்கின் அடித்தளமும் கிராஸ்மெம்பரும் சேரும் கோட்டில் விரல் வையுங்கள். மயிரிழை அசைவுகூடத் தெரியும். கோட்டைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரைத் தூக்கி, சட்டத்தின் அடியில் ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜாக்கி வைத்து, ஷாக்கின் கைகள் தடுப்பு ரப்பரை விட்டு எழும் வரை உயர்த்துங்கள். வேலை முடியும்வரை இந்த ஜாக்கியை இறக்கக் கூடாது. ஸ்பிரிங்கைத் தடுத்து வைத்திருப்பது அது மட்டும்தான். மேல் ட்ரன்னியன் (ஷாக்கின் கைகளை ஹப்போடு சேர்க்கும் மூட்டு) போல்ட்டை எடுத்ததும், சக்கரம் பூட்டும் ஹப்பைக் கம்பியால் கட்டுங்கள், பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. பிறகு நான்கு போல்ட்களையும் கழற்றி ஷாக்கை எடுங்கள்.

துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் இங்கேயே நிறுத்தி, நல்ல வெல்டரிடம் கொடுங்கள்.

மரை 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவிலான நெருக்க மரை), அங்குலத்துக்கு 24 சுற்று. 10 மி.மீ. போல்ட்டை அடித்துத் திணிப்பவர்கள் உண்டு. மீதமிருக்கும் மரையையும் அது தின்றுவிடும். 3/8-24 ஹெலிகாயில் கிட் வாங்குங்கள்; கெட்ட துளையில் புதிய மரையாக நிற்கும் கம்பிச் சுருள் அதில் இருக்கும். டிரில் அளவு 25/64 அங்குலம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் டிரில் போடும்போதுதான். துளை சாய்ந்தால் போல்ட் தலை ஒரு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து, மறுபடி தளரும். 20 மி.மீ. இரும்புப் பட்டையில் ஷாக்கின் நான்கு துளைகளையும் குறித்து, டிரில் பிரஸ்ஸில் நேராகத் துளையுங்கள். மூன்றைப் போல்ட் நுழையும் அளவிலும், ஒன்றை 25/64 அளவிலும் போடுங்கள். நல்ல மூன்று துளைகளில் பட்டையை இறுக்கினால் நான்காவதில் டிரில் தானாக நேராக இறங்கும். ஒரு மணி நேரம் கூடுதல்தான், ஆனால் இதைத் தவிர்க்காதீர்கள்.

கிட்டில் உள்ள டேப்பில் (மரை வெட்டும் கருவி) கிரீஸ் தடவி, ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என இறக்குங்கள். தூளைத் துடைத்துவிட்டுச் சுருளை ஏற்றுங்கள். மேல் வளையம் பரப்புக்குக் கால் சுற்றாவது கீழே இருக்க வேண்டும். சுருளின் அடியிலுள்ள நாக்கைத் தட்டி உடைத்து, கிரீஸ் தடவிய கம்பியால் எடுங்கள். எவர்சில்வர் என்பதால் காந்தத்தை நம்ப முடியாது.

ஷாக் உட்காரும் பரப்பில் பெயின்ட், துரு எதுவும் மிச்சம் வேண்டாம். நடுவே சிக்கிய பெயின்ட் நசுங்கினாலே போல்ட் இளகிவிடும். புதிய போல்ட், புதிய ஸ்பிரிங் வாஷர் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக 43 முதல் 45 அடி-பவுண்டு வரை, அதாவது சுமார் 60 நியூட்டன் மீட்டர், இறுக்குங்கள். மரையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். ட்ரன்னியன் போல்ட்டைப் பூட்டி, கார் தன் எடையில் தரையில் நின்றபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். முன்பே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியும்.

100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்சை மறுபடி வையுங்கள். நான்கில் ஏதாவது ஒன்று திரும்பினால், ஷாக்கை இறக்கி அந்தத் துளையைத் திரும்பப் பாருங்கள்.