ஜி.பி. பயிற்சியில் தர மேம்பாட்டுத் திட்டம்: எங்கே சறுக்குகிறது?

பிரிட்டனில் குடும்ப மருத்துவப் (ஜி.பி.) பயிற்சி 3 ஆண்டு. முதல் 2 ஆண்டுகளுக்குள், ஜி.பி. சர்ஜரியில் (குடும்ப மருத்துவரின் கிளினிக்கில்) வேலை பார்க்கும் காலத்தில், ஒரு தர மேம்பாட்டுத் திட்டத்தை முடித்தாக வேண்டும். அந்தக் காலத்தின் கடைசி மூன்று வாரத்தில் தொடங்குவதுதான் முதல் தவறு. அளந்து, மாற்றி, மறுபடி அளக்க நாள் இருக்காது.

அடுத்தது, தலைப்பையே இலக்காக எழுதிவிடுவது. "ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளின் கண்காணிப்பை மேம்படுத்துதல்" என்பதை எதைக் கொண்டு அளப்பது? "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அபிக்சபன் எடுப்பவர்களில் 90 சதவீதத்தினருக்கு, கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த எடையும் கிரியாட்டினினும் 10 வாரத்தில் பதிவாகியிருக்க வேண்டும்" என்றால் அளக்கலாம். (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது ஒருவகை ஒழுங்கற்ற இதயத்துடிப்பு; அபிக்சபன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்று; கிரியாட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை.)

எடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 84 வயதுப் பெண், 48 கிலோ, கிரியாட்டினின் 100 மைக்ரோமோல். ஆய்வகம் தரும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) சுமார் 45, பார்க்கப் பயமில்லை. ஆனால் டோஸுக்குப் பார்க்க வேண்டியது, எடையையும் சேர்த்துச் சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கு. 140இல் வயதைக் கழித்தால் 56. அதை 48ஆலும், பெண்களுக்கான 1.04ஆலும் பெருக்கி, 100ஆல் வகுத்தால் 28. இவ்வளவு குறைந்துவிட்டதால் இவருக்கு வழக்கமான 5 மி.கி. அல்ல, 2.5 மி.கி. இருவேளை. மூன்று வருடத்துக்கு முந்தைய 66 கிலோவைப் போட்டால் 38 வரும், 5 மி.கி.யே சரி என்று தோன்றிவிடும். ஆகவே நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் எமிஸ், சிஸ்டம்ஒன் போன்ற மென்பொருள்களில் தேடும்போது "எடை பதிவாகியிருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. தேதி வரம்பும் வேண்டும். காலில் ரத்தக்கட்டிக்காக அதே மாத்திரை எடுப்பவர்களையும் பிரித்துவிடுங்கள், அவர்களுக்கு டோஸ் விதி வேறு.

மாற்றம் என்ற பெயரில் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரத்தில் மறந்துபோகும். ரத்தம் எடுக்க வரும்போதே எடை பார்க்கும்படி உதவியாளர் கணினியில் நிரப்பும் டெம்ப்ளேட்டில் (படிவத்தில்) ஒரு கட்டம் சேர்த்தால், யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. மாற்றி அளக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எண்ணினால் அது வெறும் ஆடிட் (தணிக்கை), தர மேம்பாடு அல்ல. வாராவாரம் எண்ணி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாகத் தொடர்ந்து 6 புள்ளி விழுந்தால் மாற்றம் நிஜம் என்று கொள்ளலாம். பலிக்காத சுற்றை மறைக்காமல், ஏன் பலிக்கவில்லை என்று எழுதுங்கள். நோயாளியின் பெயரோ பிறந்த தேதியோ உங்கள் பயிற்சிப் பதிவேடான போர்ட்ஃபோலியோவுக்குள் போகக் கூடாது.

கிளம்பும் முன் அந்தத் தேடலைச் சர்ஜரியின் பொது ஃபோல்டரில் சேமித்து, மாதாமாதம் யார் ஓட்டுவார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.