சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டிய அன்றே நடாதீர்கள்

சர்க்கரைவள்ளி நடுவதற்கு வெட்டிய கொடித் துண்டுகளை இலைகளோடு ஈரச் சாக்கில் தளர்வாகச் சுற்றி, நிழலில் 2 நாள் வைத்துவிட்டு அப்புறம் நடுங்கள். விதைக்கிழங்கு வாங்கும் செலவே வேண்டாம்; பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கொடி இருந்தால் போதும்.

நிழலில் இருக்கும்போதே கணுக்களில் வேர் முளை விடத் தொடங்கிவிடும். அதனால் மண்ணுக்குப் போனதும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், காய்ந்து போகிற துண்டுகளும் குறையும். இலைகளைக் கிள்ளிவிட வேண்டாம், வேர் விடுவதற்கு அவை உதவும். துண்டு 20 முதல் 25 செ.மீ. நீளம் இருக்கட்டும். முடிந்தவரை நுனிப் பகுதியையே எடுங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன்: அடித்தண்டில்தான் கூன்வண்டு அதிகம் முட்டையிடும், அந்தத் துண்டை நட்டால் பூச்சியையும் சேர்த்தே நடுகிறோம். நடும்போது 2, 3 கணுக்கள் மண்ணுக்குள் போக வேண்டும்.

தண்ணீரில் வைத்து ஏற்கெனவே வேர் விட்ட துண்டு என்றால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, உடனே நட்டுவிடலாம். வெளியூரிலிருந்து வாடி வந்த கொடியும் அப்படித்தான். 3 நாளுக்கு மேல் வைத்தால் துண்டில் உள்ள சத்து வீணாகும்; இலை மஞ்சளாகத் தொடங்கினால் நாளை எண்ணாமல் நட்டுவிடுங்கள்.