‘ஆடிட்’ என்ற சொல்லின் பிறப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆடிட்’ என்ற சொல் ‘கேட்டல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கேட்டல் எப்படி நடந்தது என்று விளக்கப் புகும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

இடைக்கால இங்கிலாந்தில் எழுத்துக் கணக்கே இல்லாததால் வாயால் சொல்லக் கேட்டார்கள் என்பது அவற்றுள் பரவலானது. வின்செஸ்டர் ஆயரின் பண்ணைக் கணக்குச் சுருள்கள் 1208-09ஆம் ஆண்டு முதலே கிடைக்கின்றன. அரசின் வரவுக் கணக்குச் சுருள் ஒன்று 1130ஆம் ஆண்டிலிருந்தே எஞ்சியுள்ளது. ஆனால் பிரபுவுக்காகப் பண்ணையை நடத்திய ‘ரீவ்’ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர். வெட்டுக்குறியிட்ட மரக்கோல்களையும் தம் நினைவையும் கொண்டு அவர் சொன்னதை எழுத்தர் ஒருவர் எழுத, அதுவே உரக்கப் படிக்கப்பட்டது.

ஆடிட்டர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. தமிழில் ‘கேள்’ என்பதற்குச் செவிமடுத்தல், வினவுதல் என்ற இரு பொருளும் உண்டு. நாம் ‘கணக்குக் கேட்பது’ என்று சொல்லும்போது எழும் அதிகாரத் தொனியே ஆடிட்டர்கள் கணக்குக் கேட்ட அந்தச் சபைக்கும் பொருந்தும். பெரும்பாலும் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளோடு கணக்காண்டு முடிந்தபின், பிரபுவின் ஆடிட்டர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று, ரீவ் பொறுப்பேற்ற வரவு முழுவதையும் அவர்மீது சுமத்தி, ஏற்கத்தக்க செலவை மட்டும் கழித்தனர். ஏற்காத செலவை அடித்துத் திருத்திய தடங்களைச் சுருள்களில் இன்றும் காணலாம். பாக்கி வைத்தவரை ஆடிட்டர்களின் சாட்சியத்தின் பேரில் அரசரின் சிறைக்கு அனுப்ப 1285ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இடமளித்தது.

பண்ணையின் இலாபத்தை மதிப்பிடவே இது நடந்தது என்று எழுதுவதும் பொருந்தாது. ரீவ் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதே அங்கு முதன்மைக் கேள்வி. பங்குதாரர்களுக்காக நிறுவனக் கணக்கைச் சரிபார்க்கும் பொருளோ பிற்காலத்தது. கூட்டுப் பங்கு நிறுவனங்களுக்குத் தணிக்கையாளர் வேண்டும் என்று பிரிட்டன் 1844இல்தான் சட்டமியற்றியது.

ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆவணத்தைத் தமிழாக்குவோர் ‘தணிக்கையாளர்’ என்று எழுதினால், திரைப்படத் தணிக்கை வரை பொருள் விரிந்துவிட்ட அச்சொல் வாசகரை இக்கால அலுவலகத்துக்கே அழைத்துச் செல்லும். ‘கணக்குக் கேட்பவர்’ என்பதே அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்பது என் கருத்து.