ஒட்டிக்கொண்ட போட்டோ பூத் படங்களைப் பிரித்த கதை

அம்மாவின் பழைய கைப்பையில் இரண்டு போட்டோ பூத் பட்டைகள் (சிறு கூண்டுக்குள் உட்கார்ந்தால் தானியங்கிக் கேமரா ஒரே தாளில் வரிசையாக எடுத்துத் தரும் நான்கு படங்கள்), முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. அவசரப்பட்டு இழுத்தேன், அம்மாவின் காது கொஞ்சம் உரிந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். அந்தக் காலத்து ரசாயன பூத்கள் நேராகத் தாளிலேயே படம் பதிப்பவை. நெகட்டிவ் கிடையாது, போனால் போனதுதான்.

சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். படலத்திலுள்ள ஜெலட்டின் உப்பி இளகியதும் தானாகவே நழுவின. (இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட படமென்றால் மை கரைந்துவிடக்கூடும், முயலாதீர்கள்.) ஈரப் படத்தைத் தொடாமல் நிமிர்த்திக் காயவைத்து, உடனே ஸ்கேன் செய்தேன்.

மூன்றாவது கட்டத்தில் அம்மாவும் சித்தியும் நாக்கை நீட்டுகிறார்கள். நான்காவதில் அம்மா மட்டும்.

“உன் சித்தி சிரிச்சுச் சிரிச்சு ஸ்டூல்லேருந்து விழுந்துட்டா” என்றார் அம்மா. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது.