எட்டடி ஜந்து, நாலு வினாடி: திகில் குறும்படத்துக்குக் காட்டு உருவம் செய்யும் முறை

பிக்ஃபுட் என்ற ரோம மனிதன், பனிமனிதன் யெட்டி, மோத்மேன், சுபகாப்ரா. பார்த்ததாகச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, பிடித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட ஜந்துவை வைத்துப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக முழு உடையைத் தைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் பணத்தில் பாதி அதிலேயே கரைகிறது. ஷூட்டிங் அன்று அந்த உடை வெளிச்சத்துக்கு வந்ததும், கம்பளி போர்த்திய மனிதர் நிற்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். திரையில் அது எத்தனை வினாடி வரும், எந்த உறுப்பு தெரியும், எவ்வளவு தூரத்தில் என்பதை முதலில் எழுதுங்கள். அந்த வினாடிகளுக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

12 நிமிடக் குறும்படம் என்று வைத்துக்கொள்வோம். கால்தடம் 10 வினாடி, இருட்டில் கண்கள் 8, மரத்தைப் பற்றும் கை 5, மரங்களுக்கு நடுவே குறுக்கே போகும் நிழலுருவம் 6, முழு உருவம் 4. கூட்டினால் 33 வினாடி. இதில் முழு உடை தேவைப்படுவது 10 வினாடிக்குத்தான். அதுவும் தூரத்தில், பின்னொளியில். 1975-ல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. அதனால் தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டியே சுறா வருவதைச் சொன்னார்கள். உங்கள் ஜந்துவுக்கும் அப்படி ஒரு பீப்பாய் வேண்டும். தானாகச் சாயும் நாணல், இழுபட்டு விறைக்கும் கயிறு, ஒவ்வொன்றாக அணையும் விளக்கு, எதுவாக இருந்தாலும் சரி. அது அசைந்தால் ஜந்து அங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் முதல் மூன்று நிமிடத்துக்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

அடுத்து, அடையாளம். ஒவ்வொரு ஐதீக ஜந்துவும் மக்கள் நினைவில் இரண்டு மூன்று குறிகளாகத்தான் தங்கியிருக்கிறது. 1966 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளெசன்ட் பக்கம் பார்த்ததாகச் சொல்லப்பட்ட மோத்மேனுக்கு இறக்கையும், கார் விளக்கில் சிவப்பாக மின்னிய கண்களும். 1995-ல் போர்ட்டோ ரிக்கோவில் பேச்சுக்கு வந்த சுபகாப்ராவுக்கு முதுகு முட்களும், ரத்தம் உறிஞ்சப்பட்டதாகச் சொன்ன ஆடுகளும். உங்கள் ஜந்துவுக்கும் இரண்டே குறி போதும். கையில் இருக்கும் நேரமும் பொருளும் அந்த இரண்டில் இறங்கட்டும். மற்றதை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

கால்தடம்

செலவே இல்லாத உறுப்பு இது. ஆனால் அதிகம் சொதப்புவதும் இதில்தான். 1958-ல் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் கிடைத்த சுமார் 40 செ.மீ. நீளத் தடங்களிலிருந்துதான் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரே பரவியது. அங்கே சாலைப்பணி ஒப்பந்தக்காரராக இருந்த ரே வாலஸ் 2002-ல் இறந்த பிறகு, அந்தத் தடங்கள் மரத்தில் செதுக்கிய பாதங்களால் பதித்தவை என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். நீங்களும் மரத்தில் செதுக்கிப் பதித்தால் இரண்டு குறைகள் கண்ணில் படும். ஒன்று, எல்லாத் தடமும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு, பெரிய பலகையில் உங்கள் எடை பரவிப்போவதால், உங்கள் வெறுங்காலைவிட அது ஆழம் குறைவாகவே பதியும். ஜந்து கனமாக இருக்கிறது என்ற நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

அதனால் பலகையை எல்லைக்கோடு போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தடம் வரவேண்டிய இடத்தில் மண்ணை 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தித் தளர்த்தி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்துங்கள். பலகையை வைத்து ஏறி மிதித்துவிட்டு எடுங்கள். பிறகு வேலை முழுக்கக் கையால்தான். விரல்களையும் முன்பாதத்தையும் குதிகாலைவிட ஆழமாக அழுத்துங்கள். முன்பாதத்துக்குப் பின்னால் மண் சற்றே மேடாகத் தள்ளப்பட்டிருக்க வேண்டும், கால் உந்திக் கிளம்பியதற்கு அதுதான் சாட்சி. விரல் இடைவெளியை ஒவ்வொரு தடத்திலும் மாற்றுங்கள். ஒன்றில் சுண்டுவிரல் பதியாமலே போகட்டும். தடத்துக்குத் தடம் 1.3 முதல் 1.5 மீட்டர் விட்டு, இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருமாறு வையுங்கள். மூன்று தடம் போதும். நாலாவது தடம் இருக்க வேண்டிய இடத்தில் பாறையோ தண்ணீரோ இருந்தால், அது எங்கே போனது என்ற கேள்வி தானாக எழும்.

படம் பிடிக்கும்போது லைட்டைத் தரையோடு தரையாக, 10 அல்லது 15 டிகிரி சாய்வில், பக்கவாட்டிலிருந்து வையுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளம் தட்டையாகிவிடும். உச்சி வெயிலில் எடுத்த தடம் வெறும் ஈர மண்ணாகத்தான் தெரியும்.

கண்கள்

பூனை, மான், நரியின் கண் இரவில் மின்னுவதற்கு விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிக்கும் படலம் காரணம். வந்த வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. மனிதனுக்கும் குரங்கினங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தப் படலம் கிடையாது. மனித உருவில் நிற்கும் ஒன்றுக்குக் கண் மின்னினால் உடம்பு சிலிர்ப்பது அதனால்தான்.

பேட்டரி வைத்த எல்இடி கண்கள் வேண்டாம். அவை எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி எரிந்து, பொம்மைக் கடையை நினைவூட்டும். வாகனங்களிலும் சாலைப் பலகைகளிலும் ஒட்டும் ஒளி திருப்பும் டேப்பை 2 செ.மீ. வட்டமாக இரண்டு வெட்டி, பளபளக்காத கறுப்பு அடித்த கம்பில் 2.2 மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். மனிதனின் கண்மணிகளுக்கு இடையே சுமார் 6.3 செ.மீ. இருக்கும், நீங்கள் 10 செ.மீ. விடுங்கள். இருட்டில் தலையின் அளவை ரசிகர் இந்த இடைவெளியை வைத்துத்தான் கணக்கிடுவார். கண் சிமிட்ட ஒரு கறுப்புத் துணிப்பட்டையை நூலில் கட்டி, இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடித் திறங்கள். அந்த எட்டு வினாடியில் ஒரே ஒரு சிமிட்டல்.

பலரும் இங்கே தடுக்கி விழுவது லைட்டை வைக்கும் இடத்தில். இந்த டேப் வெளிச்சத்தை லைட் இருக்கும் பக்கத்துக்கே அனுப்பும். நடிகர் கையில் டார்ச் இருந்து கேமரா ஐந்தடி தள்ளி நின்றால், கேமராவுக்குச் சாம்பல் நிற வட்டம்தான் கிடைக்கும். டார்ச்சை லென்ஸை ஒட்டி, 5 செ.மீ.க்குள் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கண் வேண்டுமென்றால் டேப்பின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்புத் தாள் ஒட்டலாம். வெளிச்சம் போகும்போதும் திரும்பும்போதும் என இரண்டு முறை அதைக் கடப்பதால், நினைத்ததில் பாதி அடர்த்தியுள்ள தாளே போதும்.

கை

அருகில் நன்றாகத் தெரியப்போகும் ஒரே உறுப்பு கைதான் என்பதால், இரண்டு நாள் ஒதுக்குங்கள். பருத்திக் கையுறை ஒன்றில் ஸ்பாஞ்ச் கூம்புகளை ஒட்டி, நாலு விரல்களையும் 6 செ.மீ. நீட்டுங்கள். கட்டை விரலை 2 செ.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். நீண்டால் எதையும் பிடிக்க வராது. கணுக்களில் ஸ்பாஞ்ச் துண்டு வைத்துப் புடைப்பு கொடுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, திரவ லேட்டக்ஸில் தோய்த்து, விரலுக்குக் குறுக்கே சுருக்கம் விழுமாறு ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஐந்து மெல்லிய பூச்சு. வெள்ளையாக இருக்கும் லேட்டக்ஸ் காய்ந்தால் மங்கிய மஞ்சளாகக் கண்ணாடித்தன்மை பெறும். அந்த நிறம் வருமுன் அடுத்த பூச்சு போட்டால் உள்ளே ஈரம் தங்கி, ஷூட்டிங் நாளில் உரிந்து வரும். நகத்துக்கு எபாக்ஸி புட்டி. முடிந்ததும் முழுக்கப் பவுடர் தூவுங்கள், இல்லாவிட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும்.

வெறும் அக்ரிலிக் பெயிண்ட் மடிப்பில் வெடிக்கும். அதையே லேட்டக்ஸில் கலந்து பூசுங்கள். முதலில் கரும்பழுப்பு. அது காய்ந்த பிறகு ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் இரண்டு படி வெளிறிய நிறத்தைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேயுங்கள். இரவுக் காட்சியில் கேமராவுக்குத் தெரிவதே அந்த மேடுகள்தான். முழுக் கறுப்பில் செய்த கை, கையாகவே தெரியாது. மேலே கொழகொழவென்று மின்ன வேண்டுமானால் மீத்தைல் செல்லுலோஸ் பொடியை லிட்டருக்கு 20 கிராம் என்ற அளவில் சூடான நீரில் தூவிக் கலக்கி, ஆறவிடுங்கள். ஆற ஆறத்தான் கெட்டியாகும். எண்ணெயும் வாசலினும் லேட்டக்ஸைத் தின்றுவிடும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். லேட்டக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. அணியப்போகிறவரின் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அதில் அமோனியா உண்டு.

உடலும் நடையும்

நீள ரோமத் துணியைப் பின்பக்கமிருந்து, அடித்துணி மட்டும் அறுபடுமாறு பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் போட்டால் ரோமமும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தையல் இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். ரோமம் கீழ்நோக்கிப் படிய வேண்டும். தைத்த பின் அதன் ஒரே சீரான நீளத்தைக் கெடுங்கள்: முழங்காலிலும் முதுகிலும் கத்தரித்து, நீர்த்த பெயிண்டைத் தெளித்து, சேறு பூசிக் காயவிட்டுச் சீவுங்கள். பளபளப்பு போனால்தான் பொம்மைத்தனம் போகும்.

நடைதான் உடையைக் காப்பாற்றும். 1967 அக்டோபர் 20 அன்று அதே பிளஃப் கிரீக்கில் பேட்டர்சன், கிம்லின் என்ற இருவர் பிக்ஃபுட் என்று சொல்லி எடுத்துவந்த ஒரு நிமிட 16 எம்எம் படம் இன்றும் விவாதத்தில் இருப்பதற்கு அந்த உருவத்தின் நடைதான் பெரிய காரணம். முழங்கால் முழுதாக நிமிராது. திரும்பிப் பார்க்கும்போது கழுத்து மட்டும் திரும்பாமல் தோளோடு மேலுடல் முழுவதும் திரும்புகிறது. கேமரா எந்த வேகத்தில் ஓடியது என்பது உறுதியாகாததால், உருவத்தின் எடையைப் பற்றிய சண்டையும் தீரவில்லை. உங்கள் நடிகருக்கும் அதையே சொல்லுங்கள்: முழங்கால் மடங்கியே இருக்கட்டும், தலை மேலும் கீழும் ஆடக் கூடாது, கழுத்தைத் தனியாகத் திருப்பக் கூடாது. தலைக்கு மேல் ஒரு கயிற்றைக் கட்டி, அதைத் தொடாமல் இருபது முறை நடக்கவைத்தால் உடம்பு பழகிவிடும்.

எடைக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய உடல் மெதுவாக அசைவதுபோல் தெரிய, ஜந்துவின் உயரத்தை நடிகரின் உயரத்தால் வகுத்து, வருவதன் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள். ஆறடி நடிகர் எட்டடி ஜந்துவாக நடித்தால் வினாடிக்கு 28 ஃபிரேம் எடுத்து, 24-ல் ஓட்ட வேண்டும். நாலில் ஒரு பங்கு பொம்மை என்றால் 48. மனித நடிகர் அதே ஃபிரேமில் இருந்தால் அவரும் மெதுவாகிவிடுவார், எனவே ஜந்து தனியாக வரும் ஷாட்டில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஏரி அரக்கன் எடுப்பவர்களுக்குத் தண்ணீர் இன்னொரு வம்பு. துளியும் சிற்றலையும் பொம்மைக்கு ஏற்பச் சிறிதாகாது. 1934-ல் வெளியான, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி அரக்கன் என்று புகழ்பெற்ற புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியின் மேல் செய்த தலை என்பது 1994-ல் வெளிவந்தது. சுற்றியுள்ள தண்ணீரை வெட்டி நெருக்கி அச்சிட்டதால்தான் அது பெரிதாகத் தெரிந்தது. நீங்களும் நெருக்கமாக வையுங்கள், கரையைக் காட்டாதீர்கள்.

முழு உடையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். உள்ளே இருப்பவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, எனவே கையைப் பிடித்து நடத்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். செயற்கை ரோமம் சட்டென்று தீப்பிடிக்கும். தீப்பந்தக் காட்சி இருந்தால் அந்த ஷாட்டில் ஜந்து வேண்டாம். வேட்டைக்காரர் நடமாடும் காட்டில் எடுக்காதீர்கள், சாலையோரம் போகவே கூடாது. 2012-ல் அமெரிக்காவின் மொன்டானாவில், பிக்ஃபுட் என்று நம்பவைக்க உருமறைப்பு உடையில் நெடுஞ்சாலையில் நின்ற ஒருவர் கார்கள் மோதி இறந்துபோனார்.

வெளிச்சமும் ஒலியும்

முதன்மை லைட் ஜந்துவுக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில், அதன் தலைக்கு மேலே. தோளிலும் தலையிலும் ரோமத்தின் விளிம்பு மட்டும் எரிய வேண்டும். முன்பக்கம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கட்டும், சரியான வெளிச்சத்துக்கு இரண்டரை ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). உருவத்துக்கும் கேமராவுக்கும் நடுவே எப்போதும் ஒரு கிளையாவது இருக்கட்டும்.

ஒலியில் எல்லோரும் கர்ஜனையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் அமைதியைத் தயார் செய்யுங்கள். இடத்தின் பூச்சிச் சத்தத்தை மூன்று நிமிடம் தனியாகப் பதிவு செய்து, ஜந்து வருவதற்கு இரண்டு வினாடி முன்னால் அதை அறுங்கள். குரலுக்கு மூன்று அடுக்கு போதும்: அடியில் மூச்சு, நடுவில் பிவிசி குழாய்க்குள் முனகிய உங்கள் தொண்டை, மேலே தோல் உரசும் கிறீச்சு. 1954-ல் வந்த காட்ஜில்லாவின் குரலே, டபுள் பாஸ் தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்து, பதிவை மெதுவாக ஓட்டிச் செய்ததுதான். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். அதற்கேற்ப ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பதியுங்கள். 48-ல் பதிந்ததை இறக்கினால் மேல்ஸ்தாயி காணாமல்போய், போர்வைக்குள்ளிருந்து உறுமுவதுபோல் கேட்கும்.

எடிட் முடிந்ததும், இணையத்தில் ஏற்றும் அதே அளவுக்குச் சுருக்கி, வெளிச்சம் குறைத்த ஃபோனில் ஒருமுறை பாருங்கள். இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தால் மேலே மெல்லிய கிரெய்ன் (ஃபிலிம் போன்ற புள்ளிகள்) சேருங்கள். கண்கள் தெரியும் ஷாட்டில் கம்பும் தெரிகிறதா என்று பிரைட்னஸை முழுதாக ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். தெரிந்தால் கறுப்பை இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள்.