பிரேக் பெடல் தரைக்குப் போனால் காலிப்பர் வாங்க ஓடாதீர்கள்

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் புதிதாகக் கார் இறக்குபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. நான்காவது சுற்றில் பெடல் தரைவரை போகிறது. அடுத்த மாதம் முன்சக்கரத்தில் சிவப்புக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) மின்னுகிறது. நான்காவது சுற்றில் பெடல் மறுபடி தரைவரை போகிறது. சக்கர நட்டை இறுக்கு, தேய்ந்த டயரோடு வராதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவை இங்கே வேண்டாம்.

கோளாறு எது என்று பார்க்காமல் காலிப்பர் மாட்டுவது

பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை அழுத்தும் பேட் சூடு தாங்கவில்லை. பேடைத்தான் மாற்ற வேண்டும். பெடல் பஞ்சாக அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணினால் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும், கோளாறு அவ்வளவுதான்.

டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. சென்னைக் காற்றின் ஈரத்தில், போன வருஷம் திறந்த பாட்டிலை நம்பி டிராக்கில் இறங்குவதை என்னவென்று சொல்ல? மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரியான ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி தாங்கும். காலிப்பர் செட்டின் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

பெரிய டிஸ்க் சூட்டைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும் மாட்டினால் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 54 மி.மீ. ஒற்றை பிஸ்டனுக்குப் பதில், டிஸ்க்கின் ஒவ்வொரு பக்கமும் 38, 42 மி.மீ. என இரண்டு பிஸ்டன்கள்: ஒரு பக்கத்தின் பரப்பு 10 சதவீதம் கூடுகிறது. பேட் பிடிக்கும் இடத்தின் ஆரம் 115-லிருந்து 140 மி.மீ. ஆகிறது. இரண்டும் சேர்ந்து முன்பிரேக்கின் பிடி 34 சதவீதம் ஏறுகிறது, பின்பிரேக் அப்படியே இருக்கிறது. 70:30 ஆக இருந்த முன்-பின் பங்கு ஏறக்குறைய 76:24 ஆகிவிடும். முன்சக்கரம் சீக்கிரமே பூட்டப் பார்த்து ஏபிஎஸ்ஸுக்குப் போகும், பின்சக்கரம் சும்மா உருளும். தள்ள வேண்டிய ஆயிலும் கூடுவதால் பெடல் இன்னும் கீழே இறங்கும்.

ஆக, முதலில் ஆயில். ஒரு லிட்டர் வாங்கி, கார் மேனுவலில் உள்ள வரிசைப்படி நான்கு சக்கரத்திலும் காற்றோடு பழைய ஆயில் முழுக்க வெளியேறும்வரை ஏர் எடுங்கள். டேங்கில் அளவு இறங்கவே விடாதீர்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு சீல் போனால் அங்குள்ள அழுக்கும் துருவும் அதைக் கிழிக்கும். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டிவிட்டு, ஏர் போகவே மாட்டேன் என்கிறது என்று அரை லிட்டரைத் தரையில் ஊற்றியவர்கள் உண்டு.

ஸ்பிரிங்கைத் தாழ்த்தி ஷாக்கை மறப்பது

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக உள்ள சஸ்பென்ஷன்) வைத்த காரை 40 மி.மீ. இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகம் இறங்குவதால், கார் சாய்வதைத் தடுக்க ஸ்பிரிங்குக்கு வேலை கூடுகிறது. வளைவின் நடுவில் ஷாக் தன் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும், முன்பக்கம் திடீரென்று விறைக்கும், கார் வெளியே வழுக்கும். ஷாக்கின் தண்டில் ஒரு ஜிப் டை கட்டி ஓட்டிவிட்டு வாருங்கள். அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

கார் தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் சஸ்பென்ஷன் மூட்டில் உள்ள புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று கிழியும்.

ஒரே நேரத்தில் நான்கு ஷாக்கையும் திருகுவது

ஷாக்கின் விறைப்பை மாற்றும் திருகை முழுக்க மூடிய நிலையிலிருந்து கிளிக்கை எண்ணுங்கள். முன் ஜோடி அல்லது பின் ஜோடி, ஒரு தடவைக்கு இரண்டு கிளிக். நோட்டில் எழுதுங்கள். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி நீள்வதைக் கட்டுப்படுத்துவது) அளவுக்கு மீறி இறுக்கினால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் திரும்பிக் கீழே வர நேரமில்லாமல் கார் படிப்படியாக அமிழும். "ஹார்டா வெச்சா ஃபாஸ்ட்" என்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

டயர் காற்றைக் காலையில் மட்டும் பார்ப்பது

டிராக்கிலிருந்து வந்த அந்த நிமிடமே, சூடாக அளக்க வேண்டும்.

வந்து நின்றதும் ஹேண்ட்பிரேக்

வேண்டாம். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கேம்பரை மாற்றிவிட்டு டோவைப் பார்க்காதது

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு, டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். டயரின் உள்விளிம்பு இரண்டே நாளில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால், கேம்பரைத் திட்டுவதற்கு முன் டோவை அளந்து பாருங்கள்.